சன்டவுனர்: ஒரு குடும்பப் படகின் இரண்டு நாட் வேகம்

சார்லஸ் லைட்டோலர் என்ற பெயரை டைட்டானிக் கதையின் வழியாகவே நம்மில் பலர் அறிந்திருப்போம். 1912 ஏப்ரலில் மூழ்கிய அக்கப்பலின் இரண்டாம் அதிகாரி அவர். உயிர்தப்பிய அதிகாரிகளுள் பதவியில் மூத்தவர். விசாரணை மன்றங்களில் அவர் அளித்த சாட்சியம் பலராலும் அலசப்பட்டுவிட்டது. நாம் இங்கே பேச விரும்புவது அவருடைய குடும்பப் படகைப் பற்றி. இன்னும் குறிப்பாகச் சொன்னால், 1936ஆம் ஆண்டில் அப்படகில் மாற்றப்பட்ட எஞ்சினைப் பற்றி.

டைட்டானிக் மூழ்கிய அதே 1912இல் பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டப்பட்ட நீராவிப் படகு அது. கடற்படை கழித்துவிட்ட அப்படகை 1929இல் லைட்டோலர் வாங்கினார். பின்புறத்தை நீட்டி, அறைகள் அமைத்து, பாய்மரங்களும் பொருத்தி அதை ஒரு குடும்பப் படகாக மாற்றினார். நீளம் 58 அடி ஆயிற்று. 1930 ஜூனில் அவருடைய மனைவி சில்வியா அதைக் கடலில் இறக்கிவைத்தார். சில்வியா ஆஸ்திரேலியப் பெண்மணி. ‘சன்டவுனர்’ என்பது அந்நாட்டு வழக்கில் ஊர் ஊராகச் சுற்றும் நாடோடியைக் குறிக்கும் சொல். அடுத்த பத்தாண்டுகள் அப்பெயருக்கேற்ப அக்குடும்பம் வட ஐரோப்பியக் கரைகளில் சுற்றியது.

நீராவிப் படகு ஒன்றைக் குடும்பப் படகாக்குவதில் முதல் லாபம் இடம். கொதிகலன், நிலக்கரி, நன்னீர்த் தொட்டி ஆகியவை பிடித்துக்கொண்டிருந்த நடுப்பகுதி முழுவதும் மனிதர்களுக்குக் கிடைத்துவிடுகிறது. சன்டவுனரில் முதலில் அமைந்தது 60 குதிரைத்திறன் கொண்ட பார்சன்ஸ் பெட்ரோல் எஞ்சின். அதன் உச்ச வேகம் 8 நாட், அதாவது மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். 1936இல் அதை எடுத்துவிட்டு 72 குதிரைத்திறன் கொண்ட கிளெனிஃபர் டீசல் எஞ்சினைப் பொருத்தினார்கள். வேகம் 10 நாட் ஆயிற்று. இன்றைய விசைப்படகுகளோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரக்கூடிய எண்கள்தாம். எனினும் அந்த இரண்டு நாட்டின் பொருளைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும்.

நீரைக் கிழித்துச் செல்லும் படகு தன் முன்னால் ஓர் அலையையும் பின்னால் ஓர் அலையையும் எழுப்பிக்கொண்டே செல்கிறது. வேகம் கூடக்கூட அந்த அலைகளுக்கிடையிலான தூரமும் கூடுகிறது. அத்தூரம் படகின் நீளத்தை எட்டும்போது, படகு தானே எழுப்பிய அலையின் மேட்டில் ஏற முயல்வது போன்ற நிலை வந்துவிடும். அதன்பின் எவ்வளவு விசை கொடுத்தாலும் பயன் சொற்பமே. 58 அடி நீளமுள்ள படகுக்கு இந்த எல்லை ஏறக்குறைய 10 நாட். ஆக, 1936இல் சன்டவுனர் தன் உடல் அனுமதிக்கும் வேகத்தின் விளிம்புக்கே வந்துவிட்டது. இன்னும் பெரிய எஞ்சினை வைத்திருந்தால் எரிபொருள்தான் கூடுதலாகச் செலவாகியிருக்கும்.

வேகத்தைவிட முக்கியமான மாற்றம் ஒன்றும் உடன் நிகழ்ந்தது. பெட்ரோல் எளிதில் ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் படகின் அடிவயிற்றில் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும், படகு வெடித்துவிடும். டீசல் அவ்வளவு எளிதில் தீப்பற்றாது. மின்பொறியும் அதற்குத் தேவையில்லை, அழுத்தத்தின் சூட்டிலேயே எரிகிறது. அமைதிக் காலத்தில் இது நிம்மதியான உறக்கத்துக்கான ஏற்பாடு. குண்டு பாயும் கடலில் அதன் பொருள் வேறு.

அந்தக் கடல் விரைவிலேயே வந்தது. 1939 ஜூலையில், விடுமுறைக்கு வந்த வயதான தம்பதியரின் தோற்றத்தில், லைட்டோலரும் சில்வியாவும் கடற்படைக்காக ஜெர்மன் கரையை இதே படகில் வேவு பார்த்தனர். போர் அறிவிக்கப்பட்ட மறுநாள், செப்டம்பர் 4 அன்று, வில்ஹெல்ம்ஸ்ஹாவன் மீதான விமானத் தாக்குதலில் அவர்களுடைய இளைய மகன் பிரையன் உயிரிழந்தார். அவர் குண்டுவீச்சு விமானி.

1940 மே இறுதியில் டன்கர்க் கடற்கரையில் படைகள் சிக்கித் தவித்தபோது கடற்படை சன்டவுனரைக் கேட்டது. படகைத் தருகிறேன், ஆனால் ஓட்டுவது நானே என்றார் லைட்டோலர். அப்போது அவருக்கு வயது 66. மூத்த மகன் ரோஜரும், கடல் சாரணரான பதினெட்டு வயது இளைஞர் ஒருவரும் உடன் வந்தார்கள். ஜூன் 1 காலை ராம்ஸ்கேட்டிலிருந்து புறப்பட்டார்கள். வழியில் ‘வெஸ்டர்லி’ என்ற சிறு இயந்திரப் படகு பழுதாகித் தீப்பிடித்து நின்றது. அதிலிருந்த ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டார்கள். பின் டன்கர்க் துறைமுகத்தில் நின்ற ‘வோர்ஸ்டர்’ என்ற நாசகாரிக் கப்பலின் பக்கத்தில் படகை அணைத்து வீரர்களை ஏற்றத் தொடங்கினார்கள். அதற்குமுன் அப்படகு ஏற்றியிருந்த உச்ச எண்ணிக்கை 21. அன்று திரும்பியபோது அதில் இருந்தவர்கள், படகைச் செலுத்திய மூவரையும் சேர்த்து, 130 பேர்.

திரும்பும் வழியில் விமானங்கள் தாக்கின. சன்டவுனரில் துப்பாக்கி எதுவும் இல்லை. சுக்கான் மட்டுமே இருந்தது. தாக்கும் விமானம் எந்தக் கணத்தில் குறிவைத்து முடிக்கிறது, எப்போது திரும்பினால் அதன் குறி தவறும் என்பதையெல்லாம் பிரையன் முன்பே வீட்டில் தந்தைக்கு விளக்கியிருந்தார். இறந்துபோன மகனின் பாடத்தைக் கேட்டுத் தந்தை சுக்கானைத் திருப்பினார். இங்கேதான் நம் இரண்டு நாட்கள் வருகின்றன. சுக்கானின் விசை நீரோட்டத்தின் வேகத்தைப் பொறுத்தது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அது கூடுகிறது. 8 நாட்டிலிருந்து 10 நாட்டுக்குப் போகும் படகின் சுக்கான் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விசையோடு திருப்பும். பயண நேரமும் குறைகிறது. டோவரிலிருந்து வகுக்கப்பட்ட மூன்று பாதைகளில் மிகக் குறுகியது 39 கடல் மைல். 8 நாட்டில் அதைக் கடக்க ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 10 நாட்டில் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. விமானங்களின் கண்ணில் படும் ஒரு மணி நேரம் மிச்சமாகிறது.

ஆனால் எஞ்சினால் ஆகாத ஒன்றும் அன்று இருந்தது. சுமை மேலே ஏறினால் படகு கவிழும். எல்லோரையும் படுத்துக்கொள்ளச் சொன்னார் லைட்டோலர். ராம்ஸ்கேட்டை அடைந்ததும் வீரர்கள் எழ முற்பட்டபோது படகு ஆபத்தாகச் சாயவே மீண்டும் படுக்கவைக்க நேர்ந்தது. 1912இல் கவிழ்ந்த மிதவைப் படகொன்றின் முதுகில் ஏறக்குறைய முப்பது பேரை நிற்கவைத்து, இடமும் வலமும் சாயச் சொல்லி, விடியும்வரை மிதக்கவைத்த மனிதர் அவர். அந்த இரவில் கற்றது இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் பயன்பட்டது என்று நாம் கருதுவதில் தவறில்லை.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. டன்கர்க்கிலிருந்து மொத்தம் மீட்கப்பட்டவர்கள் 3,38,226 பேர். அவர்களுள் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானோர் துறைமுகத்திலிருந்து ஏறியவர்கள். பெரும்பாலோரைச் சுமந்தவை நாசகாரிகளும் பெரிய கப்பல்களுமே. சிறு படகுகளின் கதை பிரிட்டனில் ஒரு தேசியப் புராணமாகவே வளர்ந்துவிட்டது. பழைய எஞ்சினே இருந்திருந்தால் 130 பேரும் மடிந்திருப்பார்கள் என்று சொல்ல நமக்கு எந்த ஆதாரமும் இல்லை. கோடைப் பயணங்களுக்காக ஒரு குடும்பம் செய்துகொண்ட மாற்றம், யாரும் எண்ணியிராத ஒரு நாளில் முழுமையாகப் பயன்பட்டது என்பது மட்டுமே நாம் சொல்லக்கூடியது.

அன்று தந்தையோடு சென்ற ரோஜர், 1945 மார்ச்சில் பிரான்சின் கிரான்வில் துறைமுகத்தின் மீது ஜெர்மானியர் நடத்திய தாக்குதலில் உயிரிழந்தார். போர் முடிய இரண்டு மாதங்களே இருந்தன. வெடிக்காத எஞ்சினும் வேகமான சுக்கானும் 127 அந்நியர்களைக் கரை சேர்த்த குடும்பத்தில், அந்தப் பயணத்துக்குத் துணைநின்ற மகன்கள் இருவரும் எஞ்சவில்லை. போருக்குப் பின் லைட்டோலர் தேம்ஸ் நதிக்கரையில் படகுத்துறை ஒன்றை நடத்தினார். 1952 டிசம்பரில் மறைந்தார். சன்டவுனர் பிற்காலத்தில் ராம்ஸ்கேட் கடல்சார் அருங்காட்சியகத்தின் உடைமையாயிற்று. 130 பேரோடு தள்ளாடி வந்து சேர்ந்த துறைமுகமும் அதுவே.