ஷரோன்: ஊர் போய்ப் பெயர் நின்ற கதை

ஷரோன் என்றதும் பிரெஞ்சுக்காரர் பலருக்கு நினைவில் எழுவது 1962 பிப்ரவரி 8. அல்ஜீரியப் போரின் இறுதி மாதங்களில், ஓ.ஏ.எஸ். அமைப்பின் குண்டுவெடிப்புகளைக் கண்டித்துப் பாரிஸில் திரண்டவர்களை ஷரோன் மெட்ரோ நிலைய வாயிலில் காவல்துறை தாக்கியது. ஒன்பது பேர் மாண்டனர். ஆனால் அந்நிலையம் இருப்பது ஷரோன் ஊரில் அன்று. அவ்வூருக்குச் செல்லும் சாலையில். ஊரின் பெயர் சாலைக்கும், சாலையின் பெயர் நிலையத்துக்கும், நிலையத்தின் பெயர் ஒரு படுகொலைக்கும் கைமாறியிருக்கிறது. அப்படியானால் ஊர் எங்கே போயிற்று?

பாரிஸின் கிழக்கே, திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த சிறிய கம்யூன் அது. 1780களில் தலைநகரைச் சுற்றி எழுந்த சுங்கச் சுவருக்கு வெளியே இருந்ததால் பாரிஸின் நுழைவு வரி அங்கு செல்லாது. எனவே மது மலிவு. வாழ்க்கைச் செலவும் குறைவு. 1840களில் இவ்வூர்களுக்கும் அப்பால் புதிய கோட்டைச் சுவர் எழுந்தது. இரண்டு சுவர்களுக்கு நடுவே அகப்பட்ட ஊர்களின் விதி அன்றே எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

1859 ஜூனில் சட்டம் நிறைவேறியது. 1860 ஜனவரி 1 அன்று பெல்வில், மொன்மார்த்ர், ஷரோன் உள்ளிட்ட பதினொரு கம்யூன்கள் மறைந்தன. பாரிஸின் வட்டாரங்கள் 12இலிருந்து 20 ஆயின. ஷரோனின் பெரும்பகுதி இருபதாம் வட்டாரத்தில் கரைந்தது. வரி எல்லை கோட்டைச் சுவர்வரை நகர்ந்தது. நகர மையத்தில் ஓஸ்மான் நடத்திய இடிப்புகளால் விளிம்புக்குத் தள்ளப்பட்ட ஏழைகளை அவ்வரி அங்கும் தொடர்ந்து வந்தது. இன்னொரு முரணையும் நாம் கவனிக்க வேண்டும். தனக்கென மேயரைக் கொண்டிருந்த சிற்றூர், நகர் முழுமைக்குமான மேயரே இல்லாமல் அரசு நியமித்த பிரீஃபெக்டின் கீழ் இயங்கிய தலைநகரோடு சேர்க்கப்பட்டது. பாரிஸ் மேயர் பதவி நிலைபெற்றது 1977இல்தான்.

பழைய ஊரைக் காண வேண்டுமெனில் சேன் ழெர்மேன் தேவாலயத்துக்குத்தான் போகவேண்டும். அதையொட்டியே ஊர்ச் சுடுகாடன்று, ஊர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பாரிஸில் இவ்வாறு கல்லறைகளோடு எஞ்சிய பங்குக் கோயில்கள் இரண்டே. நாஜிகளுக்குத் துணைநின்றதற்காக 1945இல் சுட்டுக்கொல்லப்பட்ட எழுத்தாளர் ரொபேர் பிரசியாக் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார். நாஜிகளை எதிர்த்துப் போரிட்ட ஆந்த்ரே மல்ரோவின் துணைவி ஜோசெத் குளோத்தியும் இரு புதல்வர்களும் இங்கேயே துயில்கின்றனர்.

சட்டம் ஓர் ஊரின் எல்லையை அழிக்கலாம், வரியை மாற்றலாம், மேயரை நீக்கலாம். ஷரோனில் அது பெயர்க்காமல் விட்டது இறந்தவர்களை மட்டுமே. அவர்கள் காலடியில்தான் அவ்வூர் இன்னும் ஊராக இருக்கிறது.