சீனிக் குதிரை முதல் குச்சி மிட்டாய் வரை

கெய்ரோ நகரின் வரலாற்றை எழுதிய அறிஞர் அல்மக்ரீஸி (1364–1442), தம் ‘கிதத்’ நூலில் அந்நகரின் இனிப்புக் கடைத்தெருவைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ரஜப் மாதம் பிறந்துவிட்டால் அத்தெருவின் கடைகளில் சீனியால் வார்த்த குதிரைகளும் சிங்கங்களும் பூனைகளும் நூலில் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கும். தொங்குவதாலேயே அவற்றுக்கு ‘அலாயிக்’ என்று பெயர். சிறியதும் பெரியதுமாக அவரவர் பணப்பைக்கு ஏற்ற உருவங்கள் இருக்கும். செல்வர், எளியவர் என்ற வேறுபாடின்றி எல்லாரும் தம் பிள்ளைகளுக்காக அவற்றை வாங்கிச் செல்வர். ஷஅபான் மாதத்தின் நடுவிலும் இந்த வியாபாரம் களைகட்டும்.

அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அதே நகரில், ஃபாத்திமிய்யா ஆட்சியாளர் அல்அஸீஸ் (ஆட்சி 975–996) ‘தாருல் ஃபித்ரா’ என்றொரு கூடத்தை ஏற்படுத்தியிருந்தார். நோன்புப் பெருநாளில் மக்களுக்கு வழங்க வேண்டிய பலகாரங்களைச் செய்வதற்கென்றே அமைந்த அரசாங்க அடுப்படி அது. மாவு, சீனி, பாதாம், பிஸ்தா, பேரீச்சம்பழம் எல்லாம் மலைபோல் வந்து குவியும். ஃபாத்திமிய்யாக்களின் கொள்கை பற்றி நம் உலமாக்கள் கூறியவை வேறு விஷயம். பெருநாள் இனிப்பு ஊர் முழுவதற்கும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக ஓர் அரசு தனிக் கூடம் கட்டியது என்பதே இங்கு நமக்கு வேண்டிய செய்தி.

சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கான படப்புத்தகங்களைப் பற்றி எழுத வந்தவன் கெய்ரோ கடைத்தெருவில் நிற்பதற்குக் காரணம் உண்டு. இனிப்பைக் காட்டி, ‘பகிர்ந்து உண்’ என்று பிள்ளைக்குச் சொல்லித்தரும் புத்தகங்கள் இன்று ஏராளமாக வருகின்றன. நம் வீடுகளிலும் அவை நுழைந்துவிட்டன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் கொடுக்க வேண்டியது பிள்ளை, சொல்லித்தருபவர் பெரியவர். பழைய கெய்ரோவிலோ கொடுத்தவர் பெரியவர், வாங்கியது பிள்ளை. இந்த இடமாற்றம் எப்படி நேர்ந்தது, அதில் எதை இழந்தோம் என்பதை நாம் யோசித்துப் பார்த்ததில்லை.

படத்தைப் பற்றி ஒரு சொல். உயிருள்ளவற்றின் உருவம் வரைவது குறித்து நம் வீடுகளில் தயக்கம் இருக்கிறது. அதை இலேசாக எண்ணுவதற்கில்லை. ஆனால் ஆயிஷா (ரலி) அவர்களிடம் விளையாட்டுப் பொம்மைகள் இருந்ததையும், துணியால் இறக்கை வைத்த குதிரை ஒன்றைப் பார்த்து நபி (ஸல்) அவர்கள் அது என்னவென்று கேட்டதையும், சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று ஆயிஷா (ரலி) திருப்பிக் கேட்க அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்ததையும் அபூதாவூத் பதிவு செய்திருக்கிறார். பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளுக்கு உலமாக்களில் பலர் தனிச் சலுகை கண்டதற்கு இத்தகைய ஹதீஸ்களே அடிப்படை. மாற்றுக் கருத்து உடையோரும் உண்டு. கண், மூக்கு இல்லாத முகங்களுடன் படப்புத்தகங்கள் அச்சிடும் பதிப்பகங்கள் அவர்களை மனத்தில் கொண்டே அவ்வாறு செய்கின்றன.

கதைக்குப் படம் சேர்ப்பது நமக்குப் புதியதும் அன்று. 8-ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அரபியில் ஆக்கிய ‘கலீலா வ திம்னா’, நம் நாட்டுப் பஞ்சதந்திரம் பாரசீகம் வழியாக அங்குப் போய்ச் சேர்ந்ததன் விளைவு. விலங்குகள் பேசுவதால் இளையோர் விரும்பி எடுப்பர், வண்ணப் படங்கள் கண்ணைக் கவரும் என்று அதன் முன்னுரையிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் படம் தீட்டிய கையெழுத்துப் பிரதி இன்றும் பாரிஸில் இருக்கிறது. ஐரோப்பாவில் பிள்ளைகளுக்கென்றே அச்சிட்ட முன்னோடிப் படப்புத்தகமாகச் சொல்லப்படும் கொமீனியஸின் நூல் நியூரம்பெர்க்கில் வெளிவந்தது 1658-இல்தான்.

இனி நம் காலத்துக்கு வருவோம். மழலைகளுக்கான படப்புத்தகங்களில் உலகெங்கும் அறியப்பட்டது எரிக் கார்ல் 1969-இல் வெளியிட்ட பசித்த கம்பளிப்பூச்சியின் கதை. சனிக்கிழமையன்று அது கேக், ஐஸ்கிரீம், குச்சி மிட்டாய் என்று கண்டதையெல்லாம் தின்று வயிற்றுவலியால் அவதிப்படும். (தின்றவற்றில் சலாமியும் சாசேஜும் இருப்பதை நம் தாய்மார்கள் கவனித்திருப்பார்கள்.) தாள்களில் துளையிட்டிருப்பதால் பிள்ளைகளின் விரல் அதை விட்டு அகலாது. ஆனால் அந்தப் பூச்சி யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை. அளவு மீறினால் வயிறு வலிக்கும் என்பதோடு அதன் பாடம் முடிந்துவிடுகிறது.

பகிர்தலைப் பற்றி எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த புத்தகங்கள் இரண்டு. முதலாவது, இங்கிலாந்தைச் சேர்ந்த பாட் ஹட்சின்ஸ் எழுதி, தாமே படமும் வரைந்து 1986-இல் வெளியிட்டது. ஒரு தாய் தன் இரு பிள்ளைகளுக்கு 12 பிஸ்கட்டுகள் சுட்டு வைக்கிறாள். ஆளுக்கு ஆறு. வாசல் மணி அடிக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் வருகிறார்கள். ஆளுக்கு மூன்றாகிறது. மீண்டும் மணி, ஆளுக்கு இரண்டு. மீண்டும் மணி அடிக்க, ஒரு கூட்டமே உள்ளே வந்து ஆளுக்கு ஒன்றுதான் என்றாகிறது. தட்டில் ஒற்றைப் பிஸ்கட்டுடன் 12 பிள்ளைகள் அமர்ந்திருக்கும்போது மறுபடியும் மணி அடிக்கிறது. தின்றுவிட்டுக் கதவைத் திறக்கலாமே என்று தாயே யோசனை சொல்கிறாள். மகன், காத்திருக்கிறோம் என்கிறான்.

இருவர் உணவு மூவருக்குப் போதும், மூவர் உணவு நால்வருக்குப் போதும் என்ற கருத்துடைய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அதைச் சின்னஞ்சிறு பிள்ளைக்கு விளக்குவது எளிதன்று. இந்தப் புத்தகத்தின் ஆசிரியர் அந்த ஹதீஸை மனத்தில் வைத்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்க முனைவோர் கையில் இது இருந்தால் உதவும். கதவைத் திறக்கிறார்கள், பெரிய தட்டு நிறையப் பிஸ்கட்டுகளுடன் பாட்டி நிற்கிறாள்.

மற்றொன்று நம்மவர் எழுதியது. லாகூரில் பிறந்து மூன்று வயதில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ருக்ஸானா கான் எழுத, சோஃபி பிளாக்கால் படம் வரைந்து 2010-இல் வந்த ‘பிக் ரெட் லாலிபாப்’. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அவ்வாண்டின் சிறந்த படப்புத்தகங்களில் ஒன்றாக அதைத் தேர்ந்தெடுத்தது. மூன்று நான்கு வயதில் மடியில் வைத்து வாசித்துக் காட்டத் தொடங்கலாம். ஆனால் அதை முழுமையாக உணர்வது மூத்த பிள்ளைதான்.

ரூபினாவைத் தோழி ஒருத்தி பிறந்தநாள் விருந்துக்கு அழைக்கிறாள். ரூபினாவின் தாய்க்குப் பிறந்தநாள் விருந்து என்றால் என்னவென்றே தெரியாது. (விருந்து கூடுமா என்ற மார்க்க விவாதத்துக்குள் நான் இங்கு நுழையவில்லை, கதை புலம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் திகைப்பைச் சொல்கிறது.) போவதானால் தங்கை சனாவையும் அழைத்துக்கொண்டு போ என்கிறாள் தாய். வேறு வழியில்லை. அங்கே சனா விளையாட்டில் தோற்றால் அழுகிறாள், ரூபினாவுக்கு வெட்கமாகிறது. திரும்பும்போது இருவருக்கும் ஆளுக்கொரு பெரிய சிவப்புக் குச்சி மிட்டாய் கிடைக்கிறது. சனா தன்னுடையதை உடனே தின்று தீர்க்கிறாள். ரூபினா தன் மிட்டாயை மறுநாளுக்கென்று குளிர்சாதனப் பெட்டியில் பத்திரப்படுத்துகிறாள். விடிந்து பார்த்தால் குச்சியில் ஒரு முக்கோணத் துண்டுதான் மிச்சம். ரூபினா தங்கையைத் துரத்துகிறாள். தாயோ மூத்தவளையே கடிந்துகொள்கிறாள்: ஒரு மிட்டாய்தானே, தங்கையோடு பகிர்ந்துகொள்ளக் கூடாதா?

நம் வீடுகளில் எத்தனை ராத்தாக்கள் இந்தக் கேள்வியைக் கேட்டு வளர்ந்திருப்பார்கள்! ‘நீ மூத்தவள், விட்டுக்கொடு’ என்று சொல்லும் உம்மா, வாப்பா கெட்டவர்கள் அல்லர். வீட்டில் சத்தம் அடங்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஆனால் அந்த மிட்டாய் ரூபினாவுடையது. தன் பங்கைத் தின்றுவிட்டு அடுத்தவர் பங்கைக் கேளாமல் எடுத்ததைப் பகிர்தல் என்று அழைத்தால், இளையவளுக்கு ஹக்கு என்றால் என்னவென்று தெரியாமல் போகும். மூத்தவளுக்குப் பகிர்தல் என்ற சொல்லே கசந்துபோகும்.

பஷீர் (ரலி) அவர்கள் தம் மகன் நுஃமானுக்கு மட்டும் ஓர் அன்பளிப்பு வழங்கிவிட்டு, அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார்கள். பிள்ளைகள் அனைவருக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று அவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும், அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளைகளிடையே நீதமாக நடந்துகொள்ளுமாறு கூறினார்கள். பஷீர் (ரலி) அந்த அன்பளிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள நிகழ்ச்சி இது. நம் ஜும்ஆ மேடைகளில் இது பெரும்பாலும் சொத்துப் பங்கீட்டைப் பேசும்போது மட்டுமே எடுத்துச் சொல்லப்படுகிறது. மிட்டாய்க்கும் இது பொருந்தும் என்று நாம் எண்ணுவதில்லை. பிள்ளைக்கு அதுதானே சொத்து?

கதை அத்துடன் முடிவதில்லை. பின்னர் சனாவுக்கு ஒரு விருந்து அழைப்பு வருகிறது. கடைக்குட்டி மர்யமும் வருவேன் என்று அடம்பிடிக்கிறாள். தாயும் அதே தீர்ப்பைச் சொல்கிறாள். சனா கெஞ்சுகிறாள், அழுகிறாள். ரூபினா பழிதீர்த்துக்கொள்ள நல்ல சந்தர்ப்பம். ஆனால் அவள் தாயிடம் சென்று, மர்யமை அழைத்துப் போகும்படி சனாவைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று பரிந்து பேசுகிறாள். தாய் யோசிக்கிறாள், இணங்குகிறாள். விருந்து முடிந்து வந்த சனா, ரூபினாவிடம் ஒரு பெரிய பச்சைக் குச்சி மிட்டாயை நீட்டுகிறாள். கொடு என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

ஆயிஷா (ரலி) அவர்களின் வாசலுக்கு இரு பெண் குழந்தைகளோடு ஓர் ஏழைத்தாய் வந்த நிகழ்ச்சியை இமாம் முஸ்லிம் பதிவு செய்திருக்கிறார்கள். கிடைத்தவை மூன்று பேரீச்சம்பழங்கள். ஆளுக்கொன்றாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாவதைத் தாய் தன் வாயருகே கொண்டுபோனாள். பிள்ளைகள் அதையும் கேட்டார்கள். அவள் அதை இரண்டாகப் பிளந்து இருவருக்கும் கொடுத்தாள். இதற்காக அவளுக்குச் சுவனம் உறுதியாயிற்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். கேட்ட பிள்ளைகளை அவள் கடிந்துகொண்டதாகவோ, இருவரில் மூத்தவளை விட்டுக்கொடுக்கச் சொன்னதாகவோ அந்த அறிவிப்பில் இல்லை. நம் பதிப்பகத்தார் யாரேனும் தமிழில் மழலைகளுக்கு ஒரு படப்புத்தகம் போட நினைத்தால், இந்த நிகழ்ச்சியே போதுமானது. முகம் வரையத் தயங்குவோர் முகம் வரையவும் வேண்டியதில்லை. மூன்று பழங்கள், ஒரு தாயின் கை, நீட்டிய நான்கு சின்னக் கைகள். பிறகு பிளந்த பழத்தின் இரு பாதிகள்.