வெளிநாட்டு உறவினர் ஒதுக்கீடு: ஒரு கட்டணத்தின் வரலாறு

தனியார் மருத்துவக் கல்லூரிகளில் உள்ள என்.ஆர்.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியர்) ஒதுக்கீடு, கடல் கடந்து உழைக்கும் இந்தியர்களின் பிள்ளைகளுக்குத் தாய்நாடு திறந்து வைத்த கதவு என்றே பலரும் நம்புகிறார்கள். அது உருவான விதத்தை ஆண்டுவாரியாகப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்பதில்லை. கட்டாய நன்கொடை வாங்கக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்தபோது கல்லூரிகளின் கையைவிட்டுப் போன பணம், வேறு பெயரில் திரும்பி வந்த வழி அது. பணம் கட்டுபவர் யார் என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் வெளிநாட்டு உறவினர் உள்ளே கொண்டுவரப்பட்டார். முதலில் தாய் தந்தையர், பிறகு சித்தப்பா, தாய்மாமன், கடைசியில் தூரத்துச் சொந்தம் என்று அவருடைய வட்டம் விரிந்துகொண்டே போனதற்கும் இதுவே காரணம்.

1953இல் டி.எம்.ஏ. பை மணிப்பாலில் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். மாணவர் தரும் பணத்திலேயே ஒரு மருத்துவக் கல்லூரியை நடத்த முடியும் என்று இந்தியாவுக்குக் காட்டிய முன்மாதிரி அது. அடுத்த முப்பது ஆண்டுகளில் கர்நாடகம், மகாராஷ்டிரம், ஆந்திரம் என்று இந்த வழி பரவியது. 1980களின் நடுவில் தமிழ்நாட்டுக்கும் வந்தது. கல்லூரியோடு நன்கொடையும் வளர்ந்ததால் மாநிலங்கள் தடைச்சட்டம் இயற்றின: ஆந்திரம் 1983இல், கர்நாடகம் 1984இல், மகாராஷ்டிரம் 1987இல், தமிழ்நாடு 1992இல். ஆனால் கர்நாடகம் தன் சட்டத்தின் கீழேயே 1989இல் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அரசு இடத்தில் சேரும் மாணவருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய், மற்ற கர்நாடக மாணவருக்கு 25,000, வெளிமாநிலத்தவருக்கு 60,000 வரை. மூவரும் ஒரே வகுப்பில், ஒரே பாடத்தைப் படிப்பவர்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்து தும்கூர் கல்லூரியில் சேர விரும்பிய மாணவி ஒருவர் இதை எதிர்த்துத் தொடுத்ததுதான் மோகினி ஜெயின் வழக்கு. நன்கொடைக்கு என்ன பெயர் சூட்டினாலும் அது நன்கொடைதான் என்று 1992 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அடுத்து நடந்ததுதான் இந்த வரலாற்றின் திருப்பம். 1993 பிப்ரவரியில் உன்னிகிருஷ்ணன் வழக்கில் அதே நீதிமன்றம் தந்த தீர்ப்பு, பாதி இடங்களுக்கு அரசுக் கட்டணம், மீதிப் பாதிக்கு அதிகக் கட்டணம், இரண்டுக்கும் தகுதிப் பட்டியலே அடிப்படை என்று ஒரு திட்டத்தை வகுத்தது. நிர்வாகம் தன் விருப்பப்படி நிரப்ப ஓர் இடமும் மிஞ்சவில்லை. வரவு செலவு கட்டுப்படியாகவில்லை என்று கல்லூரிகள் மீண்டும் நீதிமன்றத்துக்குப் போயின. அடுத்தடுத்த ஆணைகளில், வெளிநாடுவாழ் இந்தியருக்கு என்று ஒரு பங்கை அதிகக் கட்டணத்தில் நிரப்பிக்கொள்ள அனுமதி கிடைத்தது. 1991இல் தங்கத்தை அடகு வைத்து அந்நியச் செலாவணி திரட்டிய நாட்டில், வெளியிலிருந்து வரும் பணத்துக்கு அப்போது இருந்த மரியாதையையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். உள்ளூர்க்காரரிடம் வாங்கினால் குற்றமாகும் தொகையை, வெளிநாட்டில் இருப்பவரிடம் வாங்கினால் நாட்டுக்கு நல்லது என்று சொல்ல அந்தக் காலம் இடம் தந்தது.

2002இல் டி.எம்.ஏ. பை அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் உன்னிகிருஷ்ணன் திட்டத்தைக் கைவிட்டார்கள். 2005 ஆகஸ்டில் வந்த இனாம்தார் தீர்ப்புதான் இன்றுவரை இந்த ஒதுக்கீட்டின் சட்ட அடித்தளம். தலைமை நீதிபதி லகோத்தி தலைமையிலான ஏழு நீதிபதிகள், இந்த இடங்களில் சேரும் பெரும்பாலான மாணவர்களோ அவர்களின் பெற்றோரோ வெளிநாடுவாழ் இந்தியர் அல்லர் என்பதைத் தங்கள் முன் வந்த வழக்குகளிலிருந்தே கண்டு பதிவு செய்தார்கள். அப்படிப் பதிவு செய்த பிறகும் 15 விழுக்காடு வரை அனுமதித்தார்கள். வெளிநாட்டில் வாழ்பவர்கள் தங்கள் பிள்ளைகள் தாய்மண்ணின் பண்பாட்டோடு வளர வேண்டும் என்று விரும்புவதையும், அவர்கள் தரும் பணம் கல்லூரிகளுக்கு உதவும் என்பதையும் காரணமாகச் சொன்னார்கள். கூடவே நிபந்தனைகளும் விதித்தார்கள்: இடங்கள் உண்மையாகவே அவர்களின் பிள்ளைகளுக்கோ அவர்கள் பொறுப்பில் வளர்பவர்களுக்கோ போக வேண்டும், தகுதியை முற்றாகக் கைவிடக் கூடாது, கிடைக்கும் பணம் ஏழை மாணவர்களின் கட்டணச் சுமையைக் குறைக்கப் பயன்பட வேண்டும், முறைகேட்டைத் தடுக்க அரசுகள் சட்டம் இயற்ற வேண்டும். அனுமதியை எல்லோரும் உடனே எடுத்துக்கொண்டார்கள். நிபந்தனைகளுக்குத்தான் ஆள் இல்லை.

பெற்றோரின் உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, அவர்களைத் தாண்டிய சொந்தங்கள் என்று, மாணவருக்காகக் கட்டணத்தை ஏற்கும் ஸ்பான்சர் ஆகக்கூடியவர்களின் பட்டியல் நீண்டதைப் பின்வந்த ஆண்டுகளில் பார்க்கிறோம். இன்று மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழுவிடம் ஸ்பான்சரின் பாஸ்போர்ட்டும் விசாவும், தூதரகச் சான்றும், உறவுமுறைக்கான ஆவணமும், முழுக் கட்டணத்தையும் ஏற்பதாக உறுதிப் பத்திரமும் கொடுத்தால், நீட் நுழைவுத்தேர்வு விண்ணப்பத்தில் இந்தியர் என்று பதிந்த மாணவர் என்.ஆர்.ஐ. பிரிவுக்கு மாறிக்கொள்ளலாம். இந்த மாற்றம் மதிப்பெண் தெரிந்த பிறகு நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு வாழ்க்கையால் ஒருவருக்கு உண்டான தேவை, தேர்வு முடிவு வந்த பிறகா முளைக்கும்? இந்தத் தளர்வில் போலிச் சான்றிதழ் நுழைந்ததில் வியப்பில்லை. 2024இல் புதுச்சேரியில் அப்படிப்பட்ட தூதரகச் சான்றுகள் பிடிபட்டுக் காவல்துறை வரை போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் பஞ்சாப் அரசு, தூரத்து உறவினரின் ஆதரவும் போதும் என்று விதியைத் திருத்தியது. செப்டம்பர் 10 அன்று உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இது பணம் பண்ணும் வழி, கல்வி முறைக்குச் செய்யும் மோசடி என்று கடிந்து, செப்டம்பர் 24 அன்று மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது.

உறவினர் படிக்க வைப்பது நம் குடும்பங்களில் பழைய வழக்கம்தானே, அதைச் சந்தேகிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அந்த வழக்கம் உண்மையானது, மதிக்கத்தக்கது. துபாயில் சம்பாதிக்கும் தாய்மாமன் மருமகளின் படிப்புக்குப் பணம் அனுப்புவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கும் அவர் கட்டலாம், நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கும் கட்டலாம். இந்த ஒதுக்கீடு தருவது பணம் கட்டும் உரிமையை அன்று. தரவரிசையில் தனக்கு முன்னால் நிற்பவரைத் தாண்டிப் போகும் உரிமையை. தாய்மாமன் சேலத்தில் கடை வைத்திருந்தால் கிடைக்காத முன்னுரிமை, துபாயில் இருந்தால் மட்டும் கிடைப்பதற்கு நியாயம் எங்கே? எல்லோரும் நீட் தேறியவர்கள்தானே என்ற பதிலும் போதாது. 2023இல் பொதுப்பிரிவின் தகுதிக் கோடு 720க்கு 137. அது வாசலில் நுழைய அனுமதி மட்டுமே. யார் முன்னால், யார் பின்னால் என்பதை அது சொல்வதில்லை.

வளைகுடாவில் பிறந்து வளரும் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பது இதைவிடக் கனமான கேள்வி. அங்கே பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை; என்றாவது ஊர் திரும்பியாக வேண்டும். இங்கே வந்தால், பள்ளிப் படிப்பை மாநிலத்தில் முடிக்காததால் இருப்பிடச் சான்றில் சிக்கல் வருகிறது. அது தீர்க்கப்பட வேண்டிய உண்மையான சிக்கல். ஆனால் குவைத்தில் வாகனம் ஓட்டுபவரின் மகளுக்கும், ரியாத்தில் செவிலியராக இருப்பவரின் மகனுக்கும் என்.ஆர்.ஐ. இடம் எட்டாத உயரம். தமிழ்நாட்டில் 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக் கட்டணம் சுமார் 4 லட்சம், நிர்வாக இடத்துக்கு 12.5 லட்சம், என்.ஆர்.ஐ. இடத்துக்கு 23.5 லட்சம் ரூபாய். 2021 முதல் குவைத்திலும் துபாயிலும் நீட் எழுத மையங்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது இருப்பிட விதியில் ஒரு திருத்தம்; நிர்வாக இடத்தைப் போல ஏறக்குறைய இருமடங்கு விலையில் ஓர் இடம் அன்று.

மீதமிருப்பது பணத்தைப் பற்றிய வாதம்: வசதியுள்ளவரிடம் கூடுதலாக வாங்கினால்தானே மற்றவர் கட்டணம் குறையும்? மேலே சொன்ன கட்டணத்தையே வைத்துக் கணக்கிட்டால், 150 இடமுள்ள கல்லூரியில் 22 என்.ஆர்.ஐ. இடங்கள், நிர்வாக இடங்களைவிட ஓர் ஆண்டு மாணவர்களிடம் மட்டும் சுமார் 2.4 கோடி ரூபாய் அதிகம் தருகின்றன. அதில் எவ்வளவு ஏழை மாணவருக்குப் போனது என்று கேட்டால் காட்டக் கணக்கு வேண்டும். அந்தப் பங்கைப் பிரித்தெடுக்கக் கேரளம் முயன்று பார்த்தது. ஒவ்வொரு என்.ஆர்.ஐ. கட்டணத்திலிருந்தும் 5 லட்சத்தைப் பிரித்து, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள மாணவர்களின் உதவித்தொகை நிதியில் சேர்க்க ஆணையிட்டது. கல்லூரிகள் வழக்குத் தொடுத்தன. சட்டத்தின் துணையில்லாமல் வெறும் அரசாணையால் அப்படிப் பிடிக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சட்டத்தைத்தான் 2005லேயே உச்ச நீதிமன்றம் இயற்றச் சொன்னது. ஸ்பான்சர் தாயோ தந்தையோ மட்டுமே, மாணவர் சில ஆண்டுகளாவது வெளிநாட்டில் படித்திருக்க வேண்டும், நிரம்பாத இடம் அதே கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டில் சேரும், கூடுதல் கட்டணம் தணிக்கைக்குட்பட்ட நிதிக்குப் போகும் என்று ஒரு மாநிலச் சட்டமன்றம் எழுதினால், இந்த இடங்களை எத்தனை கல்லூரிகள் தொடர்ந்து கேட்கும் என்பது முதல் ஆண்டிலேயே தெரிந்துவிடும்.