குலச்சிறை நாயனார்

சைவ நாயன்மார் அறுபத்துமூவருள் ஒருவர், காலம் 7ஆம் நூற்றாண்டு. ஊர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையிலுள்ள மணமேல்குடி. சமணம் சார்ந்திருந்த பாண்டியன் நெடுமாறனின் அமைச்சர். மன்னனைச் சமணத்திலிருந்து விலக்கிச் சைவத்துக்குக் கொண்டுவர, அரசி மங்கையர்க்கரசியாருடன் சேர்ந்து, திருமறைக்காட்டில் தங்கியிருந்த திருஞானசம்பந்தரை மதுரைக்கு அழைப்பித்தார். மன்னனின் வெப்புநோயைச் சம்பந்தர் தீர்த்ததையும், சமணருடன் ஏடுகளைத் தீயிலும் நீரிலும் இட்டு நடத்திய அனல்வாதம், புனல்வாதங்களையும் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. சம்பந்தர் மதுரை ஆலவாய்க் கோயிலில் பாடிய பதிகம் ஒன்று அரசியையும் இவரையும் மாறிமாறிப் புகழ்கிறது. அமைச்சர் ஒருவருக்கு இது அரிய பேறு.

வாதில் தோற்ற சமணர் எண்ணாயிரவரைக் கழுவேற்றும் பொறுப்பும் இவரிடமே வந்தது என்பார் பெரியபுராணம் பாடிய சேக்கிழார். ஆனால் அவர் எழுதியது ஐந்து நூற்றாண்டுகள் கழித்து. சமணமும் அத்துடன் அழிந்துவிடவில்லை: புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் சமணக் குடைவரை 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் புதுப்பிக்கப்பட்டதை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது.