சிலேட்டைக் காட்டு: எழும்பூர் மணலில் இருந்து ஐபேட் வரை

மகள் படிக்கும் பள்ளியில் இந்த ஆண்டு ஆறாம் வகுப்பில் இருந்து டேப்லெட் கொடுக்கப் போகிறார்கள். அது பற்றிய பெற்றோர் கூட்டத்தில் ஒரு மென்பொருளைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். ஆசிரியர் தன் மேசையில் இருந்தபடியே நாற்பது பிள்ளைகளின் திரைகளையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பார்க்கலாம். ஒரு பொத்தானைத் தட்டினால் நாற்பதும் அப்படியே நின்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா ஒருவர், "காலம் எங்கேயோ போயிடுச்சு சார்" என்றார்.

எனக்கு நேர் எதிராகத் தோன்றியது. கிட்டத்தட்ட இதே ஏற்பாட்டை 200 ஆண்டுகளுக்கு முந்தைய லண்டன் பள்ளி ஒன்றைப் பற்றிப் படித்தபோது பார்த்திருக்கிறேன். அந்தப் பள்ளிமுறையின் ஒரு வேர் நம்ம எழும்பூரில் இருக்கிறது. அதைத்தான் இந்தக் குறிப்பில் எழுதப் பார்க்கிறேன்.

எழும்பூர் மணல்

ஆண்ட்ரூ பெல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1753ல் பிறந்தவர். பாதிரியார். 1787ல் சென்னைக்கு வந்தார். ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆதரவற்ற பையன்களுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் எழும்பூரில் ஒரு இல்லம் தொடங்கப்பட்டது. பல பையன்களுக்குத் தாய் இந்தியப் பெண். 1789ல் பெல் அதன் கண்காணிப்பாளர் ஆனார். வாத்தியார்களுக்கு வேலையில் அக்கறையே இல்லை. அரிச்சுவடி வகுப்புப் பையன்கள் மாதக்கணக்கில் அதே எழுத்துகளில் நின்றார்கள்.

ஒரு நாள் காலை குதிரையில் போய்க்கொண்டிருந்த பெல், வழியில் ஒரு 'மலபார் பள்ளி'யைப் பார்த்தார். அந்தக் கால ஆங்கிலேயர்கள் சென்னையில் 'மலபார்' என்று சொன்னால் பெரும்பாலும் தமிழ் என்று பொருள். ஆக, அது ஒரு திண்ணைப் பள்ளி. பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுது, வாய்விட்டுச் சொல், அழி, மறுபடி எழுது. காகிதமும் வேண்டாம், மையும் வேண்டாம். பெல் தன் இல்லத்துக்குத் திரும்பியதும் அரிச்சுவடி வகுப்பை மணலில் நடத்தச் சொன்னார்.

அந்த வகுப்பின் உதவி ஆசிரியர் 'அது நடக்காத காரியம்' என்று கைவிரித்துவிட்டார். பெல் விடவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக்கொடு என்றார். பையன் செய்து காட்டினான். அடுத்தடுத்து மற்ற வகுப்புகளிலும் மாணவர்களையே ஆசிரியர்களாகப் போட்டார். 1796ல் ஊர் திரும்பி, 1797ல் லண்டனில் இந்தச் சோதனையைப் பற்றிச் சிறு நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் இதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் வந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர்.

மணலை மலபார் பள்ளியில் பார்த்ததாக பெல் ஒப்புக்கொண்டார். மாணவனே மாணவனுக்குச் சொல்லிக்கொடுப்பதைத் தன் கண்டுபிடிப்பாகவே சொன்னார். ஆனால் திண்ணைப் பள்ளியில் அதற்கு ஒரு பதவியே இருந்தது: சட்டாம்பிள்ளை. பெல்லுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னால், 1623ல், இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே கன்னட நாட்டில் ஒரு கோயில் முகப்பில் சில பையன்கள் தரையில் மணல் தூவி, ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே கணக்கு எழுதுவதைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆசிரியர் அருகில் இல்லை. ஒருவருக்கொருவர் துணையாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். 1823ல் பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் மன்றோவின் கல்விக் கணக்கெடுப்புக்கு எழுதிய அறிக்கையில், இந்த ஊர்ப் பள்ளிகளின் சிக்கனமான எழுத்துப் பயிற்சியும் மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் முறையும் பாராட்டத்தக்கவை, இங்கிலாந்தில் அவற்றைப் பின்பற்றியது தகும் என்கிறார். தரம்பால் இவற்றையெல்லாம் 1983ல் தன் நூலில் தொகுத்த பிறகுதான் என்னைப் போன்றவர்களுக்குத் தெரிய வந்தது.

லண்டன் சிலேட்டு

அதே காலத்தில், 1798ல், ஜோசப் லங்காஸ்டர் என்ற இருபது வயது இளைஞர் லண்டனின் சதக் பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். கூட்டம் குவிந்தது. சம்பளத்துக்கு ஆள் வைக்க வசதியில்லை. பெரிய பையன்களை மானிட்டர்களாக்கினார். பெல்லின் நூலும் அவர் கைக்கு வந்தது. ஒரே ஆசிரியர், ஒரே கூடம், நூற்றுக்கணக்கான பையன்கள் என்ற அமைப்பு உருவானது. யாருடைய கண்டுபிடிப்பு என்று பின்னால் இருவருக்கும் பெரிய சண்டை. அது வேறு கதை.

நமக்கு வேண்டியது அவர் சிலேட்டை நிர்வகித்த விதம். கடைசி வகுப்பு மணல் மேசையில். அதற்கு மேல் எல்லோருக்கும் சிலேட்டு. நூற்றுக்கணக்கான பையன்கள் கையில் ஆளுக்கொரு பலகை இருந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். தட்டுவான், கிறுக்குவான், பக்கத்துப் பையனுக்குப் படம் போட்டுக் காட்டுவான். லங்காஸ்டர் இதற்கு மூன்று வழி செய்தார்.

ஒன்று, சிலேட்டை மேசையோடு கட்டிப்போட்டார். எழுதாதபோது அது கயிற்றில் தொங்கும்.

இரண்டு, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே வேலை. மானிட்டர் ஒரு சொல்லைச் சொல்வான், வரிசை முழுக்க எழுதும். முன்பெல்லாம் ஒருவன் எழுத்துக்கூட்டிச் சொல்ல மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். இப்போது சும்மா இருப்பவனே இல்லை.

மூன்று, கட்டளை. கூடத்தின் முன்னால் ஒரு மரச்சட்டத்தில் திருப்பக்கூடிய எழுத்துப் பலகைகள் வைத்தார். அந்தப் போர்க்காலத்தின் தந்திக் கோபுரங்களைப் பார்த்துச் செய்த ஏற்பாடு. 'எஃப்' தெரிந்தால் எல்லோரும் முன்னால் பார்க்க வேண்டும். 'எஸ் எஸ்' தெரிந்தால் சிலேட்டைக் காட்ட வேண்டும். அத்தனை சிலேட்டுகளும் ஒரே நொடியில் திரும்பும். மானிட்டர்கள் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் நான் பார்த்த கட்டங்கள் இவைதான். 2016 மார்ச்சில் ஆப்பிள் தன் ஐபேட்களுக்குக் 'கிளாஸ்ரூம்' என்ற செயலியை வெளியிட்டது. மாணவர் திரைகளைப் பார்ப்பது, எல்லோரையும் ஒரே செயலிக்குக் கொண்டுபோவது, திரைகளைப் பூட்டுவது ஆகியவை அதன் முக்கிய வசதிகள். லங்காஸ்டர் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டிருப்பார்.

இந்த முறை ஒழுங்காகவே வேலை செய்தது. நியூயார்க், கராகஸ் வரை பரவியது. செலவு மிகக் குறைவு. வேறு வழியில் பள்ளிக்கூடமே பார்த்திருக்காத லட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் எழுத்து கற்றார்கள். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு பத்து வயது மானிட்டர் ஒரு பார்வையில் எதைச் சரிபார்க்க முடியுமோ அதுதான் பாடமாகவும் ஆகிப்போனது. சொல்லின் எழுத்து சரியா, கூட்டல் விடை சரியா, அவ்வளவுதான். ஏன் என்று கேட்கிற பாடம் சிலேட்டில் ஒரு நொடியில் தெரியாது; அதனால் அதற்கு இடமில்லை. கட்டளைக்கு அடங்காதவனுக்குக் கழுத்தில் மரக்கட்டை மாட்டினார்கள். கூடையில் போட்டுக் கூரையில் தொங்கவிட்டதும் உண்டு. 1846ல் கே-ஷட்டில்வொர்த் கொண்டுவந்த விதிகளின்படி மானிட்டர்களின் இடத்துக்குப் பயிற்சி ஆசிரியர்கள் வரத் தொடங்கினார்கள். அரை நூற்றாண்டில் அலை ஓய்ந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸ், 2013

இப்போது நம் காலம். 2013 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி மாவட்டம் ஐபேட்களுக்காக ஆப்பிளுடன் 3 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. எல்லா மாணவருக்கும் கொடுத்து முடிக்க ஏறத்தாழ 100 கோடி டாலர் ஆகும் என்பது திட்டம். இலையுதிர் காலத்தில் முதல் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தன.

சில நாட்களில் விஷயம் வெடித்தது. 300க்கும் மேற்பட்ட மாணவர்கள் கட்டுப்பாட்டைக் கழற்றிவிட்டார்கள். ஏதோ பெரிய ஹேக்கிங் என்று அப்போது செய்திகள் வந்தன. நிஜத்தில் நடந்தது இவ்வளவுதான்: எந்தத் தளம் திறக்கலாம், எது கூடாது என்பதெல்லாம் சாதனத்தில் 'ப்ரொஃபைல்' என்ற அமைப்புக் கோப்பில் இருக்கும். பையன்கள் செட்டிங்ஸுக்குள் போய் அதை நீக்கினார்கள். முடிந்தது வேலை. பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்த கதை. கயிற்றில் தொங்கிய லங்காஸ்டர் சிலேட்டே இதைவிட உறுதி.

பிள்ளைகள் திறந்தது ஃபேஸ்புக்கும் யூட்யூபும் பாட்டும்தான். பிள்ளைகள் அதைச் செய்யாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மாவட்டம் ஐபேட்களை வீட்டுக்குக் கொண்டுபோகத் தடை போட்டது. சில பள்ளிகளில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 2014 ஆகஸ்டில் ஒப்பந்தம் நின்றது. அக்டோபரில் கண்காணிப்பாளர் ஜான் டீஸி பதவி விலகினார். டிசம்பரில் எஃப்பிஐ வந்து ஆவணங்களை எடுத்துப்போனது.

அதற்குப் பின் தொழில்துறை கற்றுக்கொண்ட பாடம் 'இன்னும் கெட்டியாகப் பூட்டு' என்பது. இன்றைய பள்ளிச் சாதனங்களில் மாணவர் அந்தக் கோப்பைத் தொடவே முடியாது. பொறியாளனாகச் சொல்கிறேன், அது சரியான திருத்தம்தான். ஆனால் பிள்ளை ஏன் வகுப்பு நேரத்தில் யூட்யூபுக்குப் போகிறது என்ற கேள்விக்கு அது பதில் இல்லை.

மணலுக்கு நினைவு இல்லை

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது ஒன்று உறுத்தியது. மணல், சிலேட்டு, டேப்லெட் மூன்றையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுகிறோம். ஆனால் முதல் இரண்டுக்கும் மூன்றாவதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மணலில் தப்பாக எழுதினால் கையால் தடவிவிட்டால் போச்சு. சிலேட்டும் அப்படித்தான். நாங்கள் படித்தபோது எச்சில் தொட்டு அழிப்போம், டீச்சர் திட்டுவார். ஞாயிற்றுக்கிழமை கோவை இலையும் அடுப்புக் கரியும் போட்டுத் தேய்த்தால் திங்கட்கிழமை புதுச் சிலேட்டு. நேற்று போட்ட தப்புக் கணக்கு எங்கேயும் இல்லை. திண்ணைப் பள்ளியில் பெல் பார்த்த எழுது, சொல், அழி என்ற சுழற்சி ஓடியதே தப்புக்கு விலை இல்லாததால்தான்.

சட்டாம்பிள்ளை பார்ப்பான், பிரம்பை ஓங்குவான், காசு கொடுத்தால் விட்டும்விடுவான். உ.வே.சா.வின் 'என் சரித்திர'த்தைப் படித்தவர்களுக்குச் சட்டாம்பிள்ளையின் அதிகாரம் தெரியும். ஆனால் அவனுக்கும் மறதி உண்டு. டேப்லெட்டின் சட்டாம்பிள்ளைக்கு மறதி கிடையாது. எந்தக் கேள்வியில் எத்தனை வினாடி நின்றாள், எத்தனை முறை அழித்தாள், எப்போது வேறு பக்கம் போனாள், எல்லாம் பதிவாகும் வகையில் இவற்றை வடிவமைக்க முடியும். நான் சோறு தின்பதே இப்படிப்பட்ட பதிவுகளை எழுதும் மென்பொருளில்தான், அதனால் நன்றாகவே தெரியும். யாரும் கெட்ட எண்ணத்தோடு சேர்ப்பதில்லை. 'பின்னால் உதவும்' என்று சேர்ப்போம். அழிப்பதற்கு மட்டும் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை.

கூட்டத்தில் கேள்வி நேரம் வந்தபோது, இந்தப் பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று கேட்டேன். மென்பொருளை விளக்க வந்த இளைஞர், "அன்லிமிடெட் ஸ்டோரேஜ் சார்" என்று பெருமையாகச் சொன்னார். கைதட்டக்கூடச் செய்தார்கள்.

வீட்டுக்கு வந்து பள்ளி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினேன். டேப்லெட் வேண்டாம் என்று எழுதவில்லை. மூன்றே வேண்டுகோள். வகுப்பு நேரத்தில் ஆசிரியர் திரைகளைப் பார்க்கட்டும். அந்தப் பார்வை வகுப்போடு முடியட்டும். பயிற்சியில் போடும் தப்புகள் வாரக்கடைசியில் அழியட்டும். தேர்வு மதிப்பெண் மட்டும் நிற்கட்டும். வாரத்தில் ஒரு பாடவேளையாவது, தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க, திரைகளைக் கவிழ்த்து வைக்கட்டும்.

மூன்றாவதை எழுதும்போது ஃப்ரிஸ்கன்தான் மனதில் இருந்தான். பெல்லின் சோதனையில் அந்த வகுப்பை நகர்த்தியதில் மணலுக்குப் பாதிப் பங்கு. மீதிப் பங்கு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த எட்டு வயதுப் பையனுக்கு.

முதல்வர் கூப்பிட்டிருக்கிறார், அடுத்த சனிக்கிழமை போகிறேன். மகளிடம் சொன்னேன். "அழிச்சா நிஜமாவே அழிஞ்சிடுமாப்பா?" என்று கேட்டாள். அதைத்தான் கேட்டுவிட்டு வர வேண்டும்.