மாத்திரைக்குப் பின்னால் ஒரு சென்னை மாகாணத்து டாக்டர்

சிலிம் ரிவர் கருத்தரங்கில் ஓர் அம்மா எழுந்தார். பால்மரம் சீவியே கை ஓய்ந்தவர். "மூட்டு வாதத்துக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை புற்றுநோய் மருந்தாமே, தம்பி? எனக்குப் புற்றா?" என்று கேட்டார்.

இல்லை அம்மா. அது மெத்தோட்ரெக்ஸேட். புற்றுநோய்க்கு அதிக அளவில் கொடுப்பார்கள். மூட்டு வாதத்துக்குக் குறைந்த அளவில், வாரத்துக்கு ஒரே நாள். தினமும் விழுங்கினால் ஆபத்து.

அந்த மாத்திரைக்கு வேர் தேடிப் போனால், நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த அதே சென்னை மாகாணத்தில் போய் நிற்போம். எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895-இல் பீமாவரத்தில் பிறந்த தெலுங்கர். மெட்ரிகுலேஷனில் இருமுறை தோற்றவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டம் போய், அதற்கும் கீழான எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குச் சகோதரரைப் பறிகொடுத்த துக்கம் வேறு.

மாமனார் உதவியோடு அமெரிக்கா போனார். உடம்பின் சக்திக்கு ஆதாரமான ஏ.டி.பி. என்ற பொருளை ஹார்வர்டில் கண்டறிந்தவர்களில் அவரும் ஒருவர். ஆனாலும் நிரந்தரப் பதவி இல்லை. 1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோயாளிகளின் இரத்தசோகைக்கு அது மருந்தானது.

பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்று கண்ட பிள்ளைகளுக்கு அந்த வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமெடுத்தது! வேறொருவர் கையை உதறியிருப்பார். அவரோ, ஃபோலிக் அமிலம் நோயை வளர்க்கிறது என்றால் அதைத் தடுப்பது நோயை அடக்காதா என்று யோசித்தார். சுப்பாராவ் குழு, ஃபோலிக் அமிலம் போலவே வேஷம் போடும் பொருள்களைச் செய்து கொடுத்தது. செல் ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்ளும். பெருக முடியாமல் நிற்கும். அப்படி வந்த அமினோப்டெரினைப் பெற்ற 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் தணிந்ததாக, 1948 ஜூனில் ஃபார்பர் எழுதினார். தற்காலிகம்தான். ஆனால் அதுவரை பெற்றோருக்கு அந்தச் சில மாதங்கள்கூடக் கிடைத்ததில்லை. அதே குழுவில் பிறந்த தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட்.

தோட்டத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்த யானைக்கால் நோய்க்கான ஹெட்ராஸானும் அவர் குழுவின் உழைப்பே.

ஃபார்பரின் கட்டுரை வந்த இரண்டாம் மாதம், 53 வயதில், சுப்பாராவ் தூக்கத்திலேயே காலமானார். ஊரில் விட்டுவந்த மனைவியை அவர் மறுபடி பார்க்கவேயில்லை. நோபல் பரிசும் கிடைக்கவில்லை. 1995-இல் இந்தியா ஓர் அஞ்சல் தலை வெளியிட்டது.

கூட்டம் கலைந்தபோது அந்த அம்மா, "வெள்ளிக்கிழமை மட்டும்தான், ஞாபகப்படுத்து" என்று பேத்தியிடம் சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.