வலைக்கு முன்னே நின்றவர்

கால்பந்தாட்ட வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஒன்று விளங்கும். கோல் அடித்தவர் பெயரும் அடித்த நிமிடமும் ஏட்டில் ஏறிவிடுகின்றன. தடுத்தவருக்கு அங்கே இடமில்லை. தடுக்கப்பட்ட பந்துகளை எண்ணி வைப்போர் அரியர். உள்ளே புகுந்தவை மட்டும் அவர் கணக்கில் நிற்கும். ஆகவே, கோல் கீப்பர் ஒருவரின் பெருமை பெரும்பாலும் அவரைக் கண்ணாரக் கண்டவர்களின் நினைவிலேதான் வாழ்கிறது.

அத்தகைய நினைவுச் செல்வம் ஒன்று நம் பங்கிலே உண்டு. இளமையில் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனில் பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவர், தொண்ணூறை நெருங்கும் வயதிலும் பீட்டர் தங்கராஜ் என்ற பெயரைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருகிறார். அவர் வாய்வழி நாம் கேட்டவற்றையும் வரலாறு கூறுவதையும் சேர்த்து, இம்மலரில் பங்கு மக்களுக்குத் தருகிறோம்.

பீட்டர் தங்கராஜ் 1935-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார். 1953-இல் இராணுவத்தில் சேர்ந்து, மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணிக்கு ஆடலானார். தொடக்கத்தில் அவர் ஆடிய இடம் சென்டர் பார்வர்டு. பின்னரே கோல் கம்பங்களுக்கு நடுவே வந்தார். "அடிக்கிறவன் மனசு அவருக்குத் தெரியும் சாமி. அதனாலேதான் பந்து எங்கே வரும்னு முன்கூட்டியே கண்டுபிடிச்சார்" என்பார் பெரியவர்.

பயிற்சி ஆட்டங்களின்போது வலைக்குப் பின்னால் நின்று, வெளியே ஓடும் பந்துகளை எடுத்து வீசுவதற்குப் புதுச் சிப்பாய்கள் போட்டியிடுவார்களாம். நம் பெரியவரும் அவர்களுள் ஒருவர். ஆறடிக்கும் மேற்பட்ட உயரமுடைய தங்கராஜ், தலைக்கு மேலே வரும் பந்தை மாமரத்தில் காய் பறிப்பதுபோலப் பறித்துக்கொள்வார் என்று கைகளைத் தூக்கிக் காட்டுகிறார்.

அந்த அணி 1955-இலும் 1958-இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் தங்கராஜ் இருந்தார். 1958-இல் ஆசியாவின் சிறந்த கோல் கீப்பர் எனப் பாராட்டப்பட்டார். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கிலும் இந்தியாவின் வலையைக் காத்தார். பிரான்ஸ் அணியோடு 1-1 எனச் சமன் செய்தது அங்கேதான்.

ஆயினும் பெரியவர் திரும்பத் திரும்பச் சொல்வது 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டைப் பற்றியே. இந்தியா முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 எனத் தோற்றது. தங்கராஜோ காய்ச்சலால் படுத்தார். பிரத்யுத் பர்மன் அவரிடத்தில் நின்று வலையைக் காக்க, தாய்லாந்து, ஜப்பான், தென் வியட்நாம் ஆகிய அணிகளை வென்று நம்மவர் இறுதியாட்டத்தை எட்டினர்.

செப்டம்பர் 4-ஆம் நாள், எதிரே நின்றது அதே தென் கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அனுமதிக்காததை இந்தியரான ஜி. டி. சோந்தி கண்டித்திருந்ததால், அரங்கில் திரண்ட மாபெருங்கூட்டம் இந்தியருக்கு எதிராகக் கூச்சலிட்டது. பயிற்சியாளர் ரஹீம், காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜை அன்று வலைக்கு முன் நிறுத்தினார். தலையில் தையல்களோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோலும், பி. கே. பானர்ஜி ஒரு கோலும் முதல் 20 நிமிடத்திற்குள் அடித்தனர். அதன்பின் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் காத்து நிற்பதே வேலையாயிற்று. ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரே ஒரு கோல் புகுந்தது. இந்தியா 2-1 என வென்றது. 1951-க்குப் பின் கிடைத்த அந்த இரண்டாவது தங்கத்தை அடுத்து, இன்றுவரை வேறொன்று கிட்டவில்லை. புற்றுநோயோடு போராடிய ரஹீம் மறு ஆண்டு ஜூன் மாதம் மறைந்தார்.

இவ்விடத்தில் பெரியவர் நம்மை நிறுத்தி, "தங்கராஜைப் பற்றி எழுதினால் பர்மனையும் எழுதணும் சாமி. அவர் காத்துக் கொடுத்த இடத்திலேதான் இவர் வந்து நின்றார்" என்று கூறினார். தம் வீரனுக்குரிய புகழில் ஒரு பங்கை இன்னொருவருக்குப் பிரித்துத் தரும் இரசிகரை நாம் அரிதாகவே கண்டிருக்கிறோம்.

தங்கராஜ் கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று பெரும் கழகங்களுக்கும் ஆடினார். 1967-இல் அர்ஜுனா விருது பெற்றார். 2008 நவம்பர் 24-ஆம் நாள் பொகாரோவில் காலமானார். அச்செய்தி தமக்கு எட்டிய நாளில், பெரியவர் பழைய ரெஜிமெண்ட் தொப்பியை எடுத்துத் துடைத்து வைத்தாராம்.

ரஹீமின் வாழ்வைச் சொல்லும் 'மைதான்' என்ற இந்திப் படம் 2024-இல் வெளிவந்த பிறகு, பேரப்பிள்ளைகள் தாமாகவே வந்து தாத்தாவிடம் கேள்வி கேட்கிறார்கள். இளைஞர்களே, நீங்களும் சென்று கேளுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் அவர் திண்ணையில்தான் இருப்பார். ஜகார்த்தாவில் தொடங்கினால் வெலிங்டன் வந்து சேர இருட்டிவிடும், பொறுமையோடு செல்லுங்கள். போகும்போது மறவாமல் நோட்டுப் புத்தகம் ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள்.